விலக்குக் காலம் முடியும்வரை

கடலைப் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று. ஆனாலும் தினமும் காலை பத்து மணிக்குக் கப்பல்களை நகர்த்துகிறேன். ஒத்தக்கடையில் டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி, பிளைவுட் தடுப்பு, இருமுகிற ஏசி. ஜன்னலைத் திறந்தால் யானைமலை வெயிலில் வெந்துகொண்டு கிடக்கும். கீழே மேலூர் பஸ்களின் ஹாரன். இந்த வறட்டு மேட்டிலிருந்து ஒரு கடிதம் போனால்தான் எங்கோ ஒரு துறைமுகத்தில் கட்டிக்கிடக்கிற கப்பல் கயிற்றை அவிழ்க்கும் என்றால் எங்கள் அவனியாபுரத்தில் யாரும் நம்புவதில்லை. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இடித்து உட்கார்ந்த ஒருவர் கேட்டார்: "கப்பல் கம்பெனியா? மதுரையிலயா? வைகையில தண்ணி வந்தா சொல்லுங்கண்ணே, நானும் ஒரு ரவுண்டு வாரேன்." ஆட்டோவே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

என் வேலை விலக்குக் கேட்பது. ஒவ்வொரு கப்பலும் ஏதாவது ஒரு நாட்டின் கொடியைப் பறக்கவிட்டாக வேண்டும். எங்கள் கப்பல்கள் பறக்கவிடுவது, வரைபடத்தில் விரல் வைத்தால் மறைந்துபோகும் ஒரு தீவு நாட்டின் கொடி. அந்த நாடு ஒரு தாள் கொடுத்திருக்கும். இத்தனை பேர் ஏறியிருக்க வேண்டும், இன்ன படிப்புப் படித்தவர் இன்ன பதவியில் இருக்க வேண்டும், உயிர் காக்கும் படகு இத்தனை, தீயணைக்கும் குழாய் இத்தனை. ஒன்று குறைந்தால் கப்பல் நகரக் கூடாது. ஆனால் கதவில்லாத சட்டம் ஏது? தவிர்க்க முடியாத அவசியம், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், உயிருக்கும் உடைமைக்கும் கடலுக்கும் ஆபத்தில்லை என்று எழுதிக் கேட்டால் விலக்குத் தருவார்கள். அந்த 'ஆபத்தில்லை'யை எழுதுகிறவன் நான்.

படகை இறக்கும் கொக்கி துருவேறிவிட்டதா, எழுதுவேன். சமையல்காரர் ஓடிவிட்டாரா, எழுதுவேன். ஒரு காலத்தில் சிறுபத்திரிகைகளில் கவிதை எழுதிய கை. ஒரு சொல்லை எங்கே நிறுத்தினால் படிப்பவரின் மூச்சு நிற்கும் என்று அதற்குத் தெரியும். அந்தக் கையை வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில், பழுதுபட்ட படகுகளைப் பழுதில்லாதவையாக ஆக்கினேன். மேனேஜர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரைச் சார் என்பேன். "உங்க லெட்டரப் படிச்சுப் பாக்க வேண்டியதே இல்லண்ணே. கண்ண மூடிட்டு கையெழுத்துப் போடலாம்" என்பார். அப்படித்தான் போடுவார். அந்தப் புகழ்ச்சிக்கு நான் எவ்வளவு மலிவாக மயங்கினேன் என்பதை இப்போது நினைத்தால் நாக்கில் செம்பு நாணயத்தை வைத்ததுபோல இருக்கிறது.

என் மனைவியின் தம்பி எங்கள் கப்பல் ஒன்றில் இன்ஜினியர். திருவாதவூர்க்காரன். வயலை விற்றுப் படிக்கவைத்த பிள்ளை. அவனை அந்தக் கப்பலில் சேர்க்கச் சொல்லி மேனேஜரிடம் பேசியதே நான்தான். இயந்திர அறையில் தலைமை இன்ஜினியருக்கு அடுத்தவர் செகண்ட், அதற்கும் அடுத்தவன் தேர்டு. அவன் தேர்டு. செகண்டுக்கான பரீட்சையை இன்னும் எழுதவில்லை. அவர்களுடைய செகண்ட் ஒரு துறைமுகத்தில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து இறங்கிப்போனார். தாளின்படி செகண்ட் இல்லாமல் கப்பல் நகராது.

மேனேஜர் என் மேஜைக்கே வந்தார். "அண்ணே, தேர்டு நம்ம மாப்ளதான? அவர செகண்டாப் போட்டு மூணு மாசத்துக்கு விலக்குக் கேட்டுருவோம். நமக்கும் கப்பல் போகும், அவருக்கும் புரமோஷன்."

சந்தோஷமாக எழுதினேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கங்களுக்கே அர்த்தமில்லை. என் வாழ்க்கையில் ஒரு கடிதத்தை அத்தனை பிரியத்தோடு எழுதியதில்லை. இன்னார், இந்தப் பதவியைப் பாதுகாப்பாக வகிக்க முழுத் தகுதி படைத்தவர். அவன் பெயரைத் தட்டச்சு செய்யும்போது மாமியார் வீட்டுத் திருமணப் பத்திரிகைக்கு எழுதுவதுபோல இருந்தது. கடைசியில் யாரும் கேட்காத ஒரு வரியைச் சேர்த்தேன். அதற்கு முந்தைய மாதம் வேறொரு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பி, 'இவரும் இறங்கிவிட்டால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்வி வரும் முன்பே வாயை அடைத்துவிடலாம் என்று தோன்றியது. எழுதினேன்: 'இவர் விலக்குக் காலம் முடியும்வரை கப்பலைவிட்டு இறங்கமாட்டார்.'

நல்ல வரி. ஓசை சுத்தம். ஒரு சொல் மிச்சமில்லை.

மறுநாள் விலக்கு வந்தது. என் வரியை அப்படியே எடுத்து நிபந்தனை என்ற தலைப்பின்கீழ் போட்டிருந்தார்கள். பிரசுரமான கவிதையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் வாட்ஸப்பில் கூப்பிட்டான். பின்னால் இயந்திரம் ஊளையிட்டது. "மச்சான், கேப்டன் கூப்ட்டு கையக் குலுக்குறாரு. எதுக்குன்னே தெரியாம நானும் குலுக்கிட்டேன். என்னைய யாருமே கேக்கலயே மச்சான்!" சிரித்தான்.

"கேட்டா வேணாம்னு சொல்லிருப்பியா மாப்ள?"

"தெரியல. தேர்டு வேலைய யாரு பாப்பா?"

"அதையும் நீதான் பாக்கணும்."

"அடப்பாவி மச்சான்," என்றான். அதுவும் சிரிப்புத்தான். அத்தை, அதாவது என் மாமியார், திருவாதவூரில் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் லட்டு கொடுத்தாள். செகண்ட் என்றால் என்னவென்று கேட்டவர்களிடம், "கப்பல்ல என் மகனுக்கு மேல ஒருத்தன்தான் இருக்கானாம்" என்றாள்.

அந்த லட்டின் நெய் வாசம் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அத்தைக்குக் கால் வீங்கியது. முகம் வீங்கியது. மேலூர் ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, இருதயத்துக்குத் தாங்கும் சக்தியில்லை, டயாலிசிஸ் எத்தனை நாளைக்கு ஓடும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். "வர வேண்டியவங்க இருந்தா வரச் சொல்லிருங்க." வர வேண்டியவன் ஒருவன்தான். மாமனார் எப்போதோ போய்விட்டார். மூத்தவள் என் மனைவி. அடுத்தது அவன்.

அத்தை அழுகிற மனுஷி இல்லை. ஊசி குத்திய கையைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "மாப்ளே, உங்க ஆபீஸ் கப்பல்தான? ஒரு நாலு நாளைக்கு நிப்பாட்டச் சொல்லுங்களேன். மூஞ்சியப் பாத்துட்டு அனுப்பிவிட்டுர்றேன்."

பஸ்ஸைக் கை காட்டி நிறுத்துகிறவளின் நம்பிக்கை அது. "சொல்றேன் அத்தை" என்றேன்.

அவன் கேப்டனிடம் போய் ஊருக்குப் போகவேண்டும் என்று எழுதிக் கொடுத்துக் கேட்டிருக்கிறான். கேப்டன் நல்ல மனிதர்தானாம். நாற்காலியில் உட்காரவைத்து, டீ கொடுத்து, அந்தத் தாளை எடுத்து அந்த வரியின்கீழ் விரலை ஓட்டிக் காட்டியிருக்கிறார். உன் பெயரில்தான் இந்தக் கப்பல் போகிறது, நீ இறங்கினால் இது நிற்கும்.

நான் மேனேஜரிடம் போனேன். மத்தியானம் ஒரு மணிக்கு அவர் தன் அம்மாவுக்குப் போன் போடுவார். வீட்டில் பேசுகிற அவர்களுடைய பாஷையில், சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்பார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனாலும் இந்த இரண்டு கேள்விகளும் தெரியும். அவர் பேசி முடிக்கும்வரை வாசலில் நின்றேன்.

"மாத்து ஆள் அனுப்புவோம் சார். செகண்டுக்குப் படிச்ச ஆள் ஊருல இல்லாமலா போயிட்டாங்க?"

"தேடிக்கிட்டேதாண்ணே இருக்கோம். கெடைக்கணும்ல."

"அப்ப செகண்டே இல்லாம பத்து நாள் போக விலக்குக் கேப்போம். நான் எழுதுறேன்."

அவர் என்னை உண்மையான வருத்தத்தோடு பார்த்தார். "ஏற்கெனவே ஒண்ணு வாங்கிருக்கோம். இறங்கமாட்டார்னு நாமளே எழுதிக் குடுத்துட்டு, இப்ப இறங்கிட்டார்னா நம்ம மத்த கப்பல எல்லாம் நோண்டுவாய்ங்க. இன்னும் பத்தொம்பது நாள்தாண்ணே. முடிஞ்சதும் மொத பிளைட்டுல ஏத்தி விட்டுருவோம். என் பொறுப்பு."

பத்தொன்பது நாள். நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அத்தையிடம் கொடுத்தாள். அத்தை அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவளை மெஷினில் படுக்கவைத்து ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விட்டார்கள். வெளியே வரும்போதெல்லாம், "இன்னும் எம்புட்டு நாளு?" என்பாள். பதினேழு. பதினைந்து. பதின்மூன்று. நர்சுகளுக்கும் தெரிந்துபோயிற்று. "கப்பக்காரம்மா, இன்னிக்கு பதினொண்ணு!" என்று ஒரு நர்ஸ் உள்ளே வரும்போதே சொல்வாள்.

எட்டு நாள் பாக்கி இருக்கும்போது மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"முதலாளி பக்கத்துல இருந்து சொல்லிட்டாங்கண்ணே. இன்னொரு மூணு மாசம் நீட்டிக் கேக்கச் சொல்றாங்க."

"அவன் பேர்லயா?"

"ஆமாண்ணே."

"நான் எழுத மாட்டேன் சார்."

"நீங்க எழுதலேன்னா நான் எழுதணும். என் இங்கிலீஷ் உங்களுக்கே தெரியும். ஆனா போகும்ணே. போகத்தான் போகுது." எழுந்தார். தோளைத் தொட்டார். "நான் மட்டும் என்னண்ணே பண்ணுறது?"

அன்று பூராவும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வேலையை விட்டுவிட்டு மாடிப்படி இறங்கியிருக்கலாம். இறங்கியிருந்தால் அவர் எழுதியிருப்பார். மாறாக எனக்கு ஒரு யோசனை வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது, ஏனென்றால் அந்த யோசனைக்குள்ளேயும் என் எழுத்தைப் பற்றிய பெருமைதான் ஒளிந்திருந்தது. அவர்தான் என் கடிதங்களைப் படிப்பதில்லையே. நானே எழுதுவேன். ஆனால் உண்மையை எழுதுவேன். படித்தவர் எவரும் விலக்குத் தர முடியாதபடிக்கு எழுதுவேன்.

எழுதினேன். இவர் பரீட்சை எழுதாதவர். இரண்டு பேர் வேலையை ஒருவராகப் பார்க்கிறார். ஓய்வு நேரப் பதிவேட்டில் இருப்பது எழுதப்பட்ட ஓய்வு. எடுக்கப்பட்ட ஓய்வு அல்ல. இவருடைய தாய் சாகக் கிடக்கிறாள். வீட்டுக்குப் போக வேண்டும் என்று இவர் எழுத்து மூலமாகக் கேட்டிருக்கிறார். மாற்று ஆளைத் தேடுவதாகச் சொன்னோமே தவிர, நாங்கள் தேடவேயில்லை. இந்த நிலையில் இயந்திரத்தை இவரிடம் ஒப்படைப்பது பாதுகாப்பானது என்று எங்களால் சொல்ல முடியாது. இருந்தும் விலக்கு வேண்டுகிறோம்.

மேனேஜர் கையெழுத்துப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டுதான். பதினோரு மணிக்குப் போயிற்று. நான் கீழே இறங்கி டீ குடித்தேன். வேலை போகும். போகட்டும். அந்தத் தீவில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் என் கடிதத்தைப் படித்துப் புருவத்தை நெரிப்பதைப் பார்த்தேன். அவர் போனை எடுப்பதைப் பார்த்தேன். மாப்பிள்ளை பெட்டியோடு ஏணியில் இறங்குவதைக்கூடப் பார்த்துவிட்டேன்.

மூன்று மணிக்குப் பதில் வந்தது. 'உங்கள் விரிவான விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம்.' மூன்று மாதம். நிபந்தனைகள் முன்போலவே. நான் இந்த முறை எழுதாத அந்த வரியும், எழுத்துக்கு எழுத்து, முன்போலவே.

படிக்கவில்லை. அங்கேயும் யாரும் படிக்கவில்லை. கட்டணம் கட்டிய ரசீது இருக்கிறதா, படிவத்தில் கட்டமெல்லாம் நிரம்பியிருக்கிறதா, அவ்வளவுதான். இத்தனை வருஷமாக எனக்கு வாசகர்கள் என்று நான் நினைத்திருந்தது ஒரு மெஷின், அல்லது மெஷின் மாதிரி ஆகிவிட்ட ஒரு ஆள். என்னுடைய அழகான வரிகளும் வேண்டியதில்லை, என்னுடைய உண்மையும் வேண்டியதில்லை. இதில் எதற்காக நான் அதிகம் கசந்தேன் என்று கேட்டால், அந்தச் சாயங்காலம், இரண்டாவதற்காகத்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஆஸ்பத்திரியில் அத்தையிடம் என் மனைவி சொல்லவில்லை. ஏழு, ஆறு, ஐந்து என்று இறக்கிக்கொண்டே வந்தவள், ஒன்றுக்கு அடுத்த நாள் என்ன சொல்வதென்று தெரியாமல், "கப்பல் லேட்டாம்மா" என்றாள். அத்தை, "பஸ்ஸே லேட்டாத்தான வருது" என்று கண்ணை மூடிக்கொண்டாள். பழைய விலக்கு முடிந்திருக்க வேண்டிய அந்த நாளில் கப்பல் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றிருந்தது. அவன் கூப்பிட்டான். "பிளைட்டு எறங்குறது தெரியுது மச்சான். எண்ணிக்கிட்டு இருக்கேன். இதோட ஏழு." எங்கள் மொட்டை மாடிக்கு மேலேயும் ஒன்று தாழப் பறந்து ஏர்போர்ட்டுப் பக்கம் போயிற்று.

அதற்கு ஒன்பதாவது நாள் காலையில் அத்தை போய்ச் சேர்ந்தாள். ஒன்பது நாளில் எந்த நாட்டிலிருந்தும் திருவாதவூருக்கு வந்துவிடலாம்.

ஐஸ் பெட்டியில் வைத்தோம். பந்தல் போட்டு, நாற்காலி வந்து, பறைச் சத்தம் தொடங்கி, சொந்தமெல்லாம் கூடியாயிற்று. கப்பலுக்குச் செய்தி சொல்லியாயிற்று. அது கரையை விட்டுக் கிளம்பி நடுக்கடலில் இருந்தது. வர முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். கொள்ளி வைப்பது யார்? அத்தையின் கொழுந்தனார் ஒருவர், என் மனைவிக்குச் சித்தப்பா, அவர் மகன் வைக்கலாம். பங்காளி முறைதான், தடையில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் மாமனாருக்கு மூத்தவர், என் மனைவியின் பெரியப்பா, நாற்காலியைவிட்டு எழாமல் சொன்னார்:

"வைக்கலாம். யாரு வேணாம்னா? ஆனா உரிமைக்காரன் உசுரோட இருக்கான்ல. அவன் வாயால ஒரு வார்த்தை வரணும். அதுக்கப்புறம் தூக்கு."

"போன் கெடைக்கலயே அண்ணே," என்றார் சித்தப்பா. "நடுக்கடல்ல கெடக்கான்."

"கெடைக்கட்டும்."

"வெயில் ஏறுது. சனம் காத்துக் கெடக்கு."

"சனத்துக்கு மோர் ஊத்து."

யாரோ பின்னாலிருந்து, "பெரியப்பா, சத்தமாக் கூப்ட்டுப் பாருங்க, கப்பலுக்கே கேக்கும்" என்றான். பெண்கள் பக்கத்தில்கூடச் சிரிப்பு வந்தது. பெரியப்பா மட்டும் அசையவில்லை. கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியது. பறைக்காரர்கள் பீடி பற்றவைத்தார்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றேன். பெரியப்பா கையெழுத்துப் போடத் தெரியாதவர். அவன் செகண்ட் ஆகலாமா என்று அவனை நாங்கள் யாருமே கேட்டதில்லை. மேனேஜர் கேட்கவில்லை, கேப்டன் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை.

இரண்டரை மணிக்குக் கப்பலின் சாட்டிலைட் போனிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டுப் பெரியப்பா முன்னால் நீட்டினேன். கூட்டம் அடங்கியது.

"ஏப்பா, உங்கம்மாவ எடுக்கணும். உனக்குப் பதிலா சித்தப்பன் மகன் வைக்கட்டுமான்னு கேக்குறோம்."

ஒரு வாக்கியம் போய் ஒரு வாக்கியம் திரும்புவதற்கு நேரமாயிற்று. பிறகு குரல் வந்தது. "வைக்கட்டும் பெரியப்பா. நான் வந்து முடி எறக்கிக்கிறேன்."

"மனசாரச் சொல்றியா?"

"மனசாரச் சொல்லல. வேற வழியில்லாமச் சொல்றேன்."

பெரியப்பா துண்டால் வாயைத் துடைத்தார். "அதச் சொன்னேல்ல. போதும்ப்பா." எழுந்து நின்று, "தூக்குங்கடா" என்றார்.

நான் போனை அணைக்கப் போனேன். அவன் அதற்குள், "மச்சான் இருக்காரா?" என்றான். "இருக்கேன் மாப்ள."

"எறங்க மாட்டார்னு ஒரு வரி இருக்குல்ல தாள்ல. அது எல்லா விலக்குலயும் இருக்கும்னு நெனச்சேன். இல்லையாம். கேப்டன் சொன்னாரு, ஆபீஸ்ல இருந்து எழுதிக் கேட்டாத்தான் போடுவாங்களாம்." கடல் இரைந்தது. "நல்லாத்தான் எழுதிருக்கீங்க மச்சான்."

ஸ்பீக்கர் அணைக்கப்படாமலே இருந்தது. என் மனைவி மூடி திறந்த ஐஸ் பெட்டியின் கால்மாட்டில் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து அம்மாவின் கால் விரல்களைக் கட்டியிருந்த துணியைச் சரிசெய்தாள்.

காரியமெல்லாம் முடிந்து நாங்கள் அவனியாபுரம் திரும்பும்வரை அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு மத்தியானம், சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த வரிய எழுத எம்புட்டு நேரமாச்சு உங்களுக்கு?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

தலையாட்டினாள். ரசத்தை என் பக்கம் நகர்த்தினாள். "இந்த மூணு மாசம் முடிஞ்சா வந்துருவான்ல?"

"வந்துருவான். ஆறு மாசத்துக்கு மேல யாருக்கும் தர முடியாது. உலகம் பூராவும் அதான் சட்டம்."

"அதுக்கும் ஒரு விலக்கு இருக்குமே?"

இருக்கிறது. அதே ஆளை வேறொரு கப்பலுக்கு மாற்றி, அந்தக் கப்பலின் பெயரில் புதிதாகக் கேட்கலாம். மாதக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். போன வருஷம் வேறொருவனுக்காக அந்த வழியைக் கண்டுபிடித்தவன் நான்தான். மேனேஜர் அன்று ஆபீஸ் முழுவதற்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்.

"இல்ல," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சோற்றைப் பிசைந்தேன்.